பதக்கம் பெறாத கப்பல்கள்

பாசிக்குடாவில் கரையிலிருந்து கடலுக்குள் நெடுந்தூரம் நடந்து போகலாம். தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. உல்லாசப் பயணிகளை இங்கு அழைத்து வருவது அந்த ஆழமின்மைதான். பெருங்கப்பல்கள் இந்தக் குடாவை எட்டியும் பார்க்காததற்கும் அதுவே காரணம். இப்படியொரு கரையோரத்தில் வாழ்ந்துகொண்டு, பயணிகள் கப்பல்களுக்காக வெளியிடப்பட்ட நினைவுப் பதக்கங்களைச் சேர்ப்பவன் நான் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சேர்த்திருப்பதும் பத்துக்குக் குறைவு. ஆயினும் இருபது வருடங்களாக இவற்றைப் பற்றிப் படித்தும் விசாரித்தும் வந்ததில், நமது சமூகத்தின் கடற்பயண வரலாறு சம்பந்தமான ஒரு கேள்வி எனக்குள் வளர்ந்திருக்கிறது. அதைப் பேசவே இக்கட்டுரை.

முதலில் இந்தப் பதக்கம் என்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும். போர்வீரன் நெஞ்சில் குத்திக்கொள்வதும் பாடசாலைப் போட்டியில் கழுத்தில் தொங்கவிடுவதும் வேறு. நான் சொல்வது கலைப் பதக்கம். அதற்கு நாடா கிடையாது, கொளுக்கி கிடையாது. உள்ளங்கையை நிறைக்கும் வட்டமான வெண்கலத் துண்டு. இரு பக்கமும் சிற்பி ஒருவர் செதுக்கிய புடைப்புச் சித்திரம். நாணயம் போலத் தோன்றும், ஆனால் அதைக் கொண்டு ஒரு தேங்காயும் வாங்க முடியாது. ஒரு நிகழ்வை நினைவில் நிறுத்துவது ஒன்றே அதன் தொழில்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவின் கப்பல் கம்பனிகள் புதுக் கப்பல் ஒன்றைக் கடலில் இறக்கும்போது இத்தகைய பதக்கங்களை வெளியிட்டு, முக்கிய விருந்தினருக்கும் முதற்பயணத்தில் சென்ற பிரமுகர்களுக்கும் வழங்கின. பிரெஞ்சுக்காரர் இதில் முன்னணியில் நின்றனர். பாரிஸ் நாணயச்சாலைக்கு நூற்றாண்டுகள் பழைமையான பதக்க மரபு இருந்தது அதற்கொரு காரணம். அங்கு அச்சான பதக்கத்தை அறிய ஒரு வழி உண்டு. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் உலோகத்தின் பெயரும், பழங்கள் வழியும் கொம்பு போன்ற ஒரு சிறு முத்திரையும் இருக்கும். அந்தக் கொம்பு முத்திரை 1880 இல் வழக்குக்கு வந்தது. விளிம்பைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார்.

1935 மே மாத இறுதியில் முதற்பயணம் புறப்பட்ட நோர்மண்டி கப்பலுக்கு ஜோன் வெர்னோன் என்ற சிற்பி செய்த பதக்கம் இவற்றுள் புகழ்பெற்றது. கப்பலின் கூரிய முகப்பு நம்மை நோக்கி ஏறி வருவது போல அதில் செதுக்கியிருப்பார். உள்ளங்கையளவு உலோகத்தில் அத்தனை உயரத்தைக் காட்டியது பெரிய வேலைதான். அந்தக் கப்பலின் ஆயுள் என்னவோ குறுகியது. போர் தொடங்கியதும் நியூயோர்க் துறைமுகத்தில் முடங்கியது. அமெரிக்கர் அதைக் கையகப்படுத்தித் துருப்புக் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தபோது 1942 பெப்ரவரி 9 இல் தீப்பிடித்தது. அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரின் பாரத்தாலேயே சாய்ந்து விழுந்தது. பின்னர் பழைய இரும்பாக வெட்டி விற்றார்கள். பதக்கத்தில் அது இன்னும் ஏறி வந்துகொண்டிருக்கிறது. கம்பனி காசு கொடுத்துச் செய்விக்கும் பதக்கம் கப்பலின் பிறப்பை மட்டுமே சொல்லும், இறப்பைச் சொல்லாது.

கப்பலின் முடிவைச் சொல்லும் பதக்கங்களும் சில உண்டு. டைட்டானிக் மூழ்கியபோது பிழைத்த எழுநூற்றுச் சொச்சம் பேரைக் கடலிலிருந்து எடுத்தது கார்ப்பாத்தியா என்ற கப்பல். பிழைத்தவர்கள் ஒரு குழு அமைத்துப் பணம் திரட்டி, அந்தக் கப்பலின் சிப்பந்திகள் அனைவருக்கும் பதக்கம் செய்து கொடுத்தார்கள். ஏறத்தாழ 320 பதக்கங்கள். பனிப்பாறைகளுக்கிடையே கார்ப்பாத்தியா விரைந்து வரும் காட்சி அதில் உண்டு. கப்டன் ரொஸ்ட்ரனுக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் தங்கம், அடுத்த நிலையினருக்கு வெள்ளி, மற்றவர்களுக்கு வெண்கலம். நன்றி சொல்வதிலும் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு! ஆனால் கரி வாரிப் போட்டவனுக்கும் ஒன்று கிடைத்ததே என்று நான் ஆறுதல்பட்டுக்கொள்வேன். இதை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது லூசிடானியா பதக்கம். என்னிடமுள்ளவற்றுள் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பதும் இதைத்தான். கொழும்பில் பழைய நாணயம் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். 1915 மே 7 ஆம் திகதி ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அயர்லாந்துக் கரைக்கு அப்பால் கியூனார்ட் கம்பனியின் லூசிடானியாவைத் தாக்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் பலர். சில மாதங்களில் மியூனிக் நகரத்துச் சிற்பி கார்ல் கோட்ஸ் தன் சொந்தச் செலவில் ஒரு பதக்கம் செய்தார். ஒரு பக்கத்தில் பீரங்கியும் விமானமும் ஏற்றிய கப்பல் மூழ்குகிறது. மேலே ‘தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை’ என்று கேலியாக ஒரு வாசகம். மறுபக்கத்தில் கியூனார்ட் கம்பனியின் பயணச்சீட்டுக் கூண்டு. சீட்டு விற்பது ஓர் எலும்புக்கூடு. வரிசையில் நிற்கிறவர்களுள் ஒருவர் நீர்மூழ்கி அபாயம் பற்றிய செய்தியைப் பத்திரிகையில் படித்துக்கொண்டு நிற்கிறார். ‘எல்லாவற்றுக்கும் மேல் வியாபாரம்’ என்பது தலைப்பு.

கோட்ஸ் சாடியது கம்பனியின் பேராசையை. ஆபத்து என்று தெரிந்தும் ஆட்களை ஏற்றினார்கள் என்பது அவர் வாதம். அந்தக் கப்பலில் இலட்சக்கணக்கான துப்பாக்கித் தோட்டாக்கள் சென்றது உண்மை. ஆனால் இறந்தவர்கள் மீது அவருக்கு ஒரு சொட்டு இரக்கமும் இருந்ததாகப் பதக்கத்தில் தெரியவில்லை. போதாக்குறைக்குத் திகதியையும் பிழையாக மே 5 என்று போட்டுவிட்டார்.

பிரித்தானிய கடற்படை உளவுப் பிரிவுக்கு இது வெல்லக்கட்டியாக வந்து வாய்த்தது. பெரு வணிகர் செல்ஃப்ரிட்ஜின் ஏற்பாட்டில் அதே பதக்கத்தை இரண்டரை இலட்சத்துக்கும் மேலாக நகல் எடுத்தார்கள். அழகான அட்டைப் பெட்டி, உள்ளே விளக்கத்தாள், விலை ஒரு ஷில்லிங். வருமானம் பார்வையிழந்த சிப்பாய்களின் நலனுக்கும் செஞ்சிலுவைக்கும். ‘பார்த்தீர்களா, பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றதற்கு ஜெர்மனியர் பதக்கம் அடித்துக் கொண்டாடுகிறார்கள்’ என்பது பிரசாரம். மே 5 என்ற பிழையும் பயன்பட்டது. முன்கூட்டியே திட்டமிட்டதற்கு இதுவே அத்தாட்சி என்றார்கள். கோட்ஸ் பின்னர் திகதியைத் திருத்தி வெளியிட்டும் பயனில்லை. ஜெர்மன் அதிகாரிகளே 1917 இல் பதக்கத்தைத் தடை செய்தார்கள். அவர் செய்தவை சில நூறு. எதிரி செய்தவை இலட்சக்கணக்கில். இன்று உலகில் ‘லூசிடானியா பதக்கம்’ என்று கைமாறுபவற்றுள் மிகப் பெரும்பாலானவை பிரித்தானிய நகல்களே. மாதப் பெயரைப் பார்த்தால் போதும். ஜெர்மன் மொழியில் ‘மாய்’ என்று இருந்தால் கோட்ஸுடையது. ஆங்கிலத்தில் ‘மே’ என்றிருந்தால் நகல். என்னுடையது நகல்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஒரே உலோகச் சித்திரம், ஒரு கோடும் மாறாமல், நேரெதிரான இரண்டு கதைகளைச் சொன்னதற்கு அந்த நகல்தான் சாட்சி.

கப்பலிலிருந்தே எடுத்த வெள்ளியில் செய்த பதக்கமும் ஒன்று இருக்கிறது. 1914 செப்டெம்பரில் சென்னை மீது குண்டு பொழிந்த எம்டன், பயணிகள் கப்பலல்ல, போர்க்கப்பல். நவம்பர் 9 இல் கொக்கோஸ் தீவில் அவுஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை அழித்தது. சிதைவிலிருந்து மெக்சிக்கோ வெள்ளி நாணயங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் ஆயிரம் அளவானவற்றின் மேல் முடிச்சின்னம் பொருத்திப் பதக்கமாக்கி, சிட்னியின் மாலுமிகளுக்கும் பிறருக்கும் கொடுத்தார்கள். தமிழர் வேறு விதமாகச் செய்தார்கள். சாமர்த்தியக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்றார்கள். வெள்ளிப் பதக்கத்தை விட அது நீண்ட காலம் புழங்கியிருக்கிறது.

இனி நமது கடலுக்கு வருவோம்.

மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928 இல். அதற்கு முன் இப்பகுதியிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் காட்டுவழியில் மாட்டுவண்டி, இல்லையேல் தீவைச் சுற்றி ஓடிய சிறு நீராவிக் கப்பல்கள். லேடி ஹெவ்லொக், லேடி கோர்டன், லேடி மெக்கலம் என்று தேசாதிபதிகளின் மனைவிமார் பெயரை அவற்றுக்கு வைத்திருந்தார்கள். மெக்கலம் 1907 முதல் 1913 வரை இங்கு தேசாதிபதியாக இருந்தவர். அவருடைய துரைசானியின் பெயர் தாங்கிய கப்பல் 1926 இல் பாசிக்குடாவுக்கு அண்மிய கடலில் மூழ்கியது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது. சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். இரண்டு வருடத்தில் ரயிலும் வந்துவிட, கப்பல் பயணம் என்ற நினைப்பே இப்பக்கத்து மக்களிடமிருந்து மெல்ல விலகிவிட்டது. நோர்மண்டி போல அது அழகியல்ல. ஆனால் நம்மவர் ஏறிப் போன கப்பல் அது.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்தார்கள். விமானந்தாங்கி என்றே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. 307 பேர் இறந்தார்கள், கப்டன் ஒன்ஸ்லோவும் அதில் ஒருவர். துணைக்கு வந்த அவுஸ்திரேலியாவின் வம்பயரும் மூழ்கியது. பிரிட்டிஷ் சார்ஜன்ட், அதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பல்களும் ஹொலிஹொக் என்ற காவற்கப்பலும் அன்றைக்கே இக்கரையோரக் கடலில் அழிந்தன. ஹெர்மிஸ் சுமார் ஐம்பது மீற்றர் ஆழத்தில் இன்றும் சரிந்து கிடக்கிறது.

இதுவரை சொன்னது புத்தகங்களில் இருப்பது. புத்தகங்களில் ஒரு வரியில் கடந்து போகும் இன்னொரு கப்பல் அந்தக் காட்சியில் உண்டு. அதன் பெயர் வீட்டா. பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கம்பனிக்காக 1914 இல் கட்டிய பயணிகள் கப்பல். போரில் அதை வெள்ளையடித்துச் செஞ்சிலுவை வரைந்து மருத்துவக் கப்பலாக்கியிருந்தார்கள். ஜப்பானியர் அதைத் தாக்கவில்லை. எண்ணெய் படிந்த கடலில் தத்தளித்தவர்களில் சுமார் 600 பேரை அது ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனது. அதே கம்பனியின் ரஜூலாதான் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. நாகூர், காரைக்கால் மரைக்காயர்களிடம் அப்பெயரைச் சொன்னால் இன்றும் முதியவர் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். கார்ப்பாத்தியா எழுநூறு பேரை எடுத்தது, வீட்டா அறுநூறு. போர்க்காலத்தில் அது கடமை, அவ்வளவே. வீட்டாவின் பெயரைச் சொன்னால் மட்டக்களப்பிலேயே யாருக்கும் தெரியாது.

இதிலும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாக, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த ஹாஜிகளுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. கப்பலின் பெயரே ஜித்தா. சிங்கப்பூரின் அல்சகோஃப் குடும்பத்துக்குத் தொடர்புடைய கம்பனியின் கப்பல். ஏடன் வளைகுடாவை நெருங்குகையில் புயலில் கொதிகலன் தளர்ந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. ஹாஜிகள் இரவும் பகலும் முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். ஆகஸ்ட் 8 அதிகாலையில் கப்டன் கிளார்க், தன் மனைவியையும் முதல் அதிகாரி வில்லியம்ஸையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு உயிர்ப்படகில் இறங்கிப் போய்விட்டார். வேறொரு கப்பல் அவர்களை ஏற்றி ஏடனில் சேர்த்தது. ஜித்தா ஹாஜிகளோடு மூழ்கிவிட்டது என்று அங்கே வாக்குமூலம் கொடுத்தார்கள். தந்தி உலகமெங்கும் பறந்தது.

மறுநாள் ஜித்தா ஏடனுக்குள் வந்தது. மாலுமித் தலைவர்கள் கைவிட்ட பிறகும் ஹாஜிகள் தண்ணீர் இறைப்பதை விடவில்லை. பாயை விரித்துக் கரை நோக்கிப் போக முயன்றார்கள். அன்டெனோர் என்ற கப்பல் கண்டு, தன் அதிகாரி ஒருவரை அனுப்பி, கயிறு கட்டி இழுத்து வந்தது. விசாரணை நடந்தது. கப்டனுக்கு மூன்று வருடம் உரிமம் நிறுத்தம். அன்டெனோர் தரப்பு சிங்கப்பூரில் மீட்புக் கூலிக்கு வழக்காடியது. ஹாஜிகள் வேறு கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனார்கள்.

இச்சம்பவத்தை வைத்தே ஜோசப் கொன்ராட் ‘லோர்ட் ஜிம்’ நாவலை 1900 இல் எழுதினார். உலக இலக்கியத்தில் அதற்கு உயர்ந்த இடம். நானும் இரண்டு முறை வாசித்திருக்கிறேன். ஓடிப்போன வெள்ளை அதிகாரியின் மனச்சாட்சி அதில் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பேசப்படுகிறது. தண்ணீர் இறைத்த ஹாஜி ஒருவருக்குக்கூட அதில் பெயரில்லை. இப்படிச் சொல்வதால் நாவலின் தரம் குறைந்துவிடாது. ஆனால் முஸ்லிம் வாசகன் கண்ணுக்கு இந்த இடைவெளி தெரியத்தான் வேண்டும்.

கப்பல்களே எப்படிக் கைமாறின என்பதும் கவனிக்கத்தக்கது. 1952 முதல் 1954 வரையான காலத்தில் பிரெஞ்சுக் கம்பனியான மெஸாஜெரி மாரிட்டிம், மார்செய்யிலிருந்து கொழும்பு வழியாகத் தூரகிழக்குக்குப் போக மூன்று வெண்ணிறக் கப்பல்களைக் கட்டியது. வியட்னாம், கம்போஜ், லாவோஸ் என்பன பெயர்கள். அவற்றில் இரண்டு பின்னாளில் விற்கப்பட்டு, ‘மலேசியா கித்தா’, ‘மலேசியா ராயா’ என்ற பெயர்களில் ஹாஜிகளை ஏற்றின. ஒன்று 1974 இல் சிங்கப்பூரிலும் மற்றையது 1976 இல் கிளாங் துறைமுகத்திலும் எரிந்தன. இன்னொன்று ஜெர்மனியர் 1936 இல் கட்டிய பிரிட்டோரியா. அது போருக்குப் பின் பிரித்தானியத் துருப்புக் கப்பலாகி, பெயர் இரண்டு முறை மாறி, ஐம்பதுகளின் இறுதியில் ‘குனுங் ஜாத்தி’ ஆனது. யாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது வலிமாரில் ஒருவருடைய பெயர். ஹிட்லர் காலத்துக் கப்பல் ஒன்று வலியுல்லாஹ்வின் பெயரோடு இந்தோனேசிய ஹாஜிகளை ஜித்தாவுக்கு ஏற்றிப் போயிற்று! ஒரு கப்பல் கன்னிப்பயணம் போகையில் சிற்பி வருகிறார், பிரமுகர் வருகிறார். கிழடாகி நம்மவர் ஏறும் நாளில் யாரும் வருவதில்லை. பதக்கச் சேகரிப்பாளரின் பட்டியல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஹாஜிகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நமது ஊர்களில், ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும், கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போன தலைமுறை அநேகமாக மறைந்துவிட்டது. சிலர் கொழும்பிலிருந்து போனார்கள். சிலர் பம்பாய்க்குப் போய் முகல் லைன் கப்பலில் ஏறினார்கள். 1877 இல் தொடங்கிய கம்பனி அது. பம்பாயிலிருந்து ஹஜ் கப்பல் 1995 வரை ஓடியது. போகிறவர் கடன் எல்லாம் தீர்த்து, மனைவி மக்களிடம் பொருத்தம் கேட்டு, கஃபன் துணியும் எடுத்துக்கொண்டு போவார். திரும்பினால் ஊரே கூடி வரவேற்கும். திரும்பாதவர்களும் உண்டு. கடலில் மௌத்தானவர்களுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்திக் கடலிலேயே விட்டார்கள்.

என் மூத்தவாப்பா திரும்பி வந்தவர். அவருடைய தகரப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த கப்பல் கம்பனித் தாளைச் சிறுவயதில் பார்த்த ஞாபகம் எனக்குண்டு. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு பெட்டியும் போய்விட்டது. மிஞ்சியது ஸம்ஸம் நீர் கொண்டுவந்த தகரக் குப்பி ஒன்று. வாயை ஈயம் வைத்து அடைத்திருந்த தடம் இன்னும் தெரிகிறது. அடிப்பக்கத்தில் ஆணியாலோ கத்தி நுனியாலோ அரபுத் தமிழில் ஒரு வரி கீறியிருக்கிறது. அவருடைய பெயர், ஹிஜ்ரி வருடம், அதன் பிறகு கப்பலின் பெயராக இருக்க வேண்டிய ஒரு சொல். அந்தச் சொல்லின் பாதியைத் துரு தின்றுவிட்டது. நோர்மண்டிக்கு ஜோன் வெர்னோன் இருந்தார். இந்தக் கப்பலுக்கு என் மூத்தவாப்பாவின் கத்தி இருந்திருக்கிறது. இதையும் பதக்கம் என்று நான் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். நாணயச் சேகரிப்பாளரான கொழும்பு நண்பர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பதக்கம் என்றால் அச்சு வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட படி வேண்டும் மாஸ்டர்” என்றார். விதிப்படி அவர் சொல்வது சரி. குப்பியை நான் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

இத்தகைய குப்பிகள் நம் பகுதியில் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன என்று கேள்விப்படுகிறேன். சிலவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் கடற்கோளில் போனவை போக, யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது விட்டு வந்தவை போக, பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போட்டவை போக, எஞ்சியவற்றைப் பற்றியே சொல்கிறேன். கப்பல் பயணச்சீட்டு, ஹஜ் பாஸ், பெட்டியில் ஒட்டிய தாள், பொத்தான், குப்பி எதுவானாலும் சரி. கழுவித் துலக்கிவிட வேண்டாம். துருவோடு எழுத்தும் போய்விடும். பகலில் சன்னலோரம் சாய்த்து வைத்தால் கீறல் நிழல் விழுந்து வாசிக்க வரும். அதை அப்படியே தாளில் வரைந்து, யாருடையது, எந்த ஊர், எந்த வருடம் என்பதையும் எழுதி இச்சஞ்சிகையின் முகவரிக்கு அனுப்புங்கள். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த லெப்பைமார் ஊருக்கு ஊர் ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள். வாழைச்சேனைப் பக்கமுள்ள குப்பிகளை நானே வந்து பார்த்துக்கொள்வேன்.